ப்ளஸ், மைனஸ் மாறிப்போனால்: பேட்டரியில் முதல்முறை கைவைப்பவர்களுக்கு

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் ஒரே மாதிரி போன் வர ஆரம்பிக்கும். "பேட்டரியக் கழட்டிச் சார்ஜ் போட்டு மாட்டுனேங்க. பட்டுன்னு ஒரு சத்தம். இப்ப ஒரு லைட்டும் எரியல." நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அதுக்கப்புறம் என்ன செஞ்சீங்க?"

அந்தப் பதிலில்தான் செலவு இருக்கிறது. ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி மாட்ட ஒரு விநாடி போதும். பல வண்டிகளில் அந்த ஒரு விநாடிக்குப் போவது ஒரே ஒரு ஃப்யூஸ். மீதிச் சேதத்தை அடுத்த பத்து நிமிடத்தில், பதற்றத்தில், நாமே செய்கிறோம். முதல் வண்டி வாங்கியவர்களுக்கும், கடைகளில் தொழில் பழகும் தம்பிகளுக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாறிவிட்டது என்று தெரிந்த உடனே

சாவியைத் திருப்பாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் ஆஃப் செய்து எடுத்துவிடுங்கள். "செல்ஃப் அடிக்குதா பாப்போம்" என்ற எண்ணம் யாருக்கும் வரும். ஆனால் சாவி திரும்பாதவரை வண்டியில் பாதிக் கருவிகளுக்குக் கரண்டு போவதில்லை. திருப்பினால் மிச்சமிருப்பதற்கும் தலைகீழ்க் கரண்டுக்கு வழி திறந்துவிடுவீர்கள்.

அடுத்தது கிளாம்பைக் கழற்றுவது. வழக்கமாக மைனஸை முதலில் கழற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுப்போம். இப்போது இரண்டும் மாறிக் கிடப்பதால் முனையைப் பார்க்காதீர்கள், ஒயரைப் பாருங்கள். எந்த ஒயர் வண்டியின் பாடிக்கோ சேசிஸுக்கோ போய் போல்ட்டில் முடிகிறதோ அதை முதலில் கழற்றுங்கள். மற்றதை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் இன்னொரு ஷார்ட். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் முனைக்கும் பாடிக்கும் நடுவில் சிக்கிய மோதிரம் பழுத்து விரலைச் சுட்டுவிடும்.

புகை வந்துகொண்டிருந்தால் கிளாம்பைக் கழற்ற முயல்வது ஒரே ஒரு முறை, தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு. தீ பிடித்துவிட்டால் வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, ஒழுகினாலோ, அழுகின முட்டை வாடை அடித்தாலோ அதைத் தொடாதீர்கள். காற்றோட்டமாக விட்டுத் தள்ளி நில்லுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது. பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் ஒரு பொறிக்கே வெடிக்கும். ஆசிட் தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஆவல் ஒன்று இருக்கும்: "சரி, இப்ப ஒழுங்கா மாத்தி மாட்டிப் பாத்துருவோம்." இங்கேதான் நிறுத்துங்கள். ஏன் என்பதற்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.

உள்ளே நடந்தது

வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர். நம் ஊரில் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறோம். அதற்குள் டையோடுகள் இருக்கின்றன, பெரும்பாலும் ஆறு. நெல் வயலில் எஞ்சின் போட்டுத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு டையோடைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். அது ஃபுட் வால்வ். தண்ணீரை மேலே ஏறவிடும், திரும்பிக் கீழே இறங்கவிடாது. அதுபோல ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குக் கரண்டு போகும். எஞ்சின் நின்றபின் பேட்டரியிலிருந்து ஆல்டர்னேட்டருக்குத் திரும்பி வராது. அதனால்தான் ராத்திரி முழுக்க வண்டி நின்றாலும் பேட்டரி இறங்குவதில்லை.

டையோடு என்பது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. பேட்டரி தலைகீழானால் இந்தக் கதவுகள் எல்லாம் திறக்கும் திசை பேட்டரிக்குச் சாதகமாகிவிடுகிறது. பேட்டரியின் ஒரு முனையிலிருந்து டையோடுகள் வழியாக அடுத்த முனைக்குக் கரண்டு நேராகப் பாயும். நடுவில் தடுக்க பல்பும் இல்லை, மோட்டாரும் இல்லை. வெல்டிங் பட்டறையில் கேட் ஒட்டும் மிஷின் ஏறக்குறைய 100 ஆம்பியரில் இரும்பை உருக்குகிறது. சாதாரணக் கார் பேட்டரி ஷார்ட் ஆனால் பல நூறு ஆம்பியர் தரும். அவ்வளவும் ஒரு விரல் தடிமன்கூட இல்லாத ஒயரில் ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்காகவே பேட்டரிக்குப் பக்கத்தில் மெயின் ஃப்யூஸ் வைத்திருக்கிறார்கள். கார்களில் 60, 80, 100, 120 ஆம்பியர் என்று வண்டிக்கு வண்டி மாறும். நீங்கள் கேட்ட 'பட்' சத்தத்தோடு அது எரிந்துபோயிருந்தால் அது நல்ல செய்தி. வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். ஃப்யூஸ் எரிவதற்குள் டையோடு எரிந்திருந்தால் இரண்டு விதமாக ஆகியிருக்கும். டையோடு அறுந்துபோயிருந்தால் சார்ஜ் ஏறாது, அவ்வளவுதான். ஒட்டிக்கொண்டிருந்தால், அதாவது உள்ளுக்குள் உருகி இரண்டு பக்கமும் திறந்த கதவாகிவிட்டால், இனி பேட்டரியைச் சரியாக மாட்டினாலும் ஷார்ட்தான். மாத்தி மாட்டிப் பார்க்கும் ஆவலை அடக்கச் சொன்னது இதனால்.

மற்ற கருவிகள் இதை ஒவ்வொரு விதமாகத் தாங்கும். பழைய வகை இழை பல்புக்கும் ஹாரனுக்கும் ப்ளஸ் மைனஸ் கவலையே இல்லை. மாறினாலும் வேலை செய்யும். எல்இடி எரியாது. ப்ளோயர், பெட்ரோல் பம்ப் மோட்டார்கள் தலைகீழாகச் சுற்றும். கொஞ்ச நேரம் என்றால் பிழைத்துக்கொள்ளும். பாட்டுப் பெட்டிக்குள் இதற்கென்றே ஒரு காவல் டையோடு இருப்பதுண்டு. அது தலைகீழ்க் கரண்டைத் தன் வழியாகவே பாயவிட்டு, பெட்டியின் ஃப்யூஸை எரித்துவிடும். பல நேரம் ஃப்யூஸ் மாற்றினாலே பாடும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியுவுக்கும் பெரும்பாலும் ஏதோ ஒரு பாதுகாப்பு இருக்கும். ஆனால் அது சில விநாடிகளுக்கான பாதுகாப்பு, அரை மணி நேரத்துக்கானது அல்ல. எனக்கு அதிகம் பயம் மோட்டாரில் ஓடும் பவர் ஸ்டியரிங்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும்தான். இரண்டும் பெரிய ஃப்யூஸ் வழியாக நேராகப் பேட்டரியில் உட்கார்ந்திருப்பவை. அவற்றுக்குள் மோட்டாரை ஓட்டும் டிரான்சிஸ்டர்கள் தலைகீழ்க் கரண்டுக்கு வழிவிட்டுவிடும்.

அந்தக் காலத்துக் கார்புரேட்டர் கார் ஒன்றில் பேட்டரியை மாற்றி மாட்டினால் டைனமோவைப் பிரித்துப் பார்த்தால் கதை முடிந்தது. 2019 ஜூலையிலிருந்து புதிய கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். 2020 ஏப்ரலிலிருந்து பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி. இந்த வண்டிகளில் பெட்டிக்குப் பெட்டி மின்னணு. அதனால் "எங்க அப்பா காலத்துல மாத்தி மாட்டி ஒண்ணும் ஆகல" என்பதை நம்பி எதுவும் செய்ய வேண்டாம்.

கஜாவுக்குப் பிறகு ஒரு ராத்திரி

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. கம்பங்கள் விழுந்து வாரக்கணக்கில் கரண்டு இல்லாத ஊர்கள் எத்தனையோ. அப்போது நான் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். தலைஞாயிறு பக்கம் என் சித்தப்பாவிடம் ஒரு குட்டி யானை, அதாவது சின்னச் சரக்கு வண்டி, இருந்தது. பகலில் அதில் குடிதண்ணீர் கேன் ஏற்றித் தெருத் தெருவாகக் கொடுப்பார். ராத்திரியில் அதன் பேட்டரியைக் கழற்றி வீட்டில் ஒரு பல்புக்கும், தெருவில் இருப்பவர்களின் போனுக்குச் சார்ஜ் போடவும் வைத்துக்கொள்வோம். விடியுமுன் திரும்ப வண்டியில் மாட்டுவது என் வேலை.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, மழைத் தூறலில், வாயில் போனைக் கவ்விக்கொண்டு அந்த வெளிச்சத்தில் மாட்டினேன். மாறிவிட்டது. மெயின் ஃப்யூஸ் போனது. உடனே கழற்றி, சரியாக மாட்டினேன். வண்டி செத்துக் கிடந்தது. ஃப்யூஸ் வாங்க எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை. சித்தப்பா வாசலில் நின்றுகொண்டு, "என்னாச்சு தம்பி? தண்ணிக்கு ஆளுங்க நிப்பாங்கடா" என்றார். அந்த வார்த்தையைத் தாங்க முடியாமல், ஒரு ஒயரைச் சீவி நாலு செம்புக் கம்பியை முறுக்கி ஃப்யூஸ் இருந்த இடத்தில் வைத்து இறுக்கினேன்.

டையோடு ஒட்டிப்போயிருந்தது எனக்குத் தெரியாது. ஃப்யூஸ் எதைத் தடுக்க எரிந்ததோ அது அங்கேயே காத்திருந்தது. இந்த முறை எரிய ஃப்யூஸ் இல்லாததால் ஒயர்க் கட்டு எரிந்தது. டைனமோவிலிருந்து கேபினுக்கு அடி வரை பிளாஸ்டிக் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. நான்கு நாள் அந்தத் தெருக்களுக்குத் தண்ணீர் போகவில்லை. சித்தப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கேன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

முதல் தப்புக்கு ஒரு ஃப்யூஸ், டையோடுகள் பொருத்திய ஒரு தட்டு. இரண்டாவது தப்புக்கு முழு ஒயரிங். என் கடையில் பழகும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்: ஃப்யூஸ் இடத்தில் கம்பி வைக்கக்கூடாது, சிகரெட் தாள் வைக்கக்கூடாது, பெரிய ஆம்பியர் ஃப்யூஸும் வைக்கக்கூடாது. யார் வாசலில் நின்று என்ன கேட்டாலும்.

நிதானமாகச் சோதிப்பது

வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு மல்டிமீட்டர், கிளாம்புக்கும் ஃப்யூஸுக்கும் ஸ்பேனர், பழைய 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்தது. பல்பைத்தான் நான் மீட்டரைவிட மேலாக நம்புகிறேன்; காரணம் கீழே வரும்.

முதலில் பேட்டரி, வண்டியிலிருந்து தனியாக. மீட்டரின் சிவப்பு முனையைப் ப்ளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது, சார்ஜ் போட வேண்டும். 10.5 பக்கத்தில் நின்று சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் ஆறு செல்லில் ஒன்று போயிருக்கலாம். மீட்டரில் கழித்தல் குறியோடு எண் வந்தால் கவனியுங்கள்: ஒன்று நீங்கள் முனையை மாற்றி வைத்திருக்கிறீர்கள், அல்லது பேட்டரியே மாறியிருக்கிறது. சுத்தமாக இறங்கிய பேட்டரிக்குச் சார்ஜர் கிளிப்பை மாற்றிப் போட்டால் அது தலைகீழாகவே சார்ஜ் ஏறிவிடும். மேலே ப்ளஸ் என்று அச்சிட்ட முனை மைனஸாக இருக்கும். அபூர்வம்தான், ஆனால் அப்படி ஒன்றைச் சரியாக மாட்டினாலும் வண்டிக்குத் தப்பாகத்தான் போகும். அந்தப் பேட்டரியை மறுபடி வண்டியில் ஏற்றாதீர்கள்.

அடுத்து மெயின் ஃப்யூஸ். பேட்டரியின் ப்ளஸ் கிளாம்பிலேயே இருக்கும், இல்லாவிட்டால் பானட்டுக்குள் கறுப்புப் பெட்டியில் இருக்கும். சில வண்டிகளில் சும்மா இழுத்தால் வராது. போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தால் அறுந்தது தெரியும். சந்தேகம் என்றால் மீட்டரின் 'பீப்' நிலையில் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். அறுந்திருந்தாலும் புதியதை உடனே போட வேண்டாம். ஆல்டர்னேட்டரைப் பார்த்துவிட்டுப் போடலாம்.

ஆல்டர்னேட்டரின் பின்புறம் போல்ட்டில் ஒரு தடித்த ஒயர் இறுக்கப்பட்டிருக்கும். பேட்டரி முழுதாகக் கழற்றப்பட்டிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு அந்த ஒயரைக் கழற்றுங்கள். மீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் உடலிலும், கறுப்பை ஒயர் கழற்றிய அந்த போல்ட்டிலும் வைத்தால் முக்கால் வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் சொச்சம் வரை ஏதோ ஓர் எண் வரும். முனைகளை மாற்றி வைத்தால் ஒன்றும் வரக்கூடாது. இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டிய எண் வந்தால் டையோடு ஒட்டிவிட்டது. ஆல்டர்னேட்டர் முழுவதையும் மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். டையோடு தட்டு மட்டும் தனியாகக் கிடைக்கும். மன்னார்குடி, கும்பகோணம், தஞ்சாவூர் மாதிரி ஊர்களில் பிரித்து மாற்றித் தரும் கைகாரர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒன்றும் வராவிட்டால் அறுந்துவிட்டது. அதற்கும் வைத்தியம் அதே இடத்தில்தான்.

இனி பல்பு. ஒட்டிய டையோடு இல்லை என்று தெரிந்தபின் கழற்றிய ஒயரை இறுக்கி, புதிய மெயின் ஃப்யூஸை அதே ஆம்பியரில் போடுங்கள். பேட்டரியை வைத்து, முனைகளை இரண்டு முறை பார்த்துக்கொண்டு, ப்ளஸ் கிளாம்பை மாட்டுங்கள். மைனஸ் கிளாம்பை மாட்டாமல், பல்பின் ஒரு ஒயரைப் பேட்டரி மைனஸிலும் மறு ஒயரை மைனஸ் கிளாம்பிலும் தொடுங்கள். சாவி ஆஃப், கதவுகள் மூடியிருக்க வேண்டும். வண்டிக்குள் எங்கும் ஷார்ட் இல்லை என்றால் பல்பு ஒரு முறை மினுக்கிவிட்டு அணையும், அல்லது மங்கலாக நிற்கும். முழு வெளிச்சத்தில் எரிந்தால் இன்னும் எங்கோ ஷார்ட் இருக்கிறது. ஆனால் இந்த முறை எதுவும் கருகாது. ஹெட்லைட் பல்பு ஒன்று ஐந்து ஆம்பியருக்கு மேல் விடாது; ஒயரிங் அதைத் தாங்கும். பல்பை எரியவிட்டே ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவியதும் பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. கஜா ராத்திரியில் என்னிடம் ஒரு பல்பும் இரண்டு ஒயரும் இருந்தன. இந்த வித்தை மட்டும் தெரிந்திருக்கவில்லை.

பல்பு அணைந்துவிட்டால் மைனஸை மாட்டுங்கள். கடைசித் தொடலில் சின்னப் பொறி வருவது சகஜம், பயப்பட வேண்டாம். சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பி மீட்டர் போர்டைப் பாருங்கள். எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங் விளக்குகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனபின் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கும் கோளாறுதான், அதை மறந்துவிடாதீர்கள். ஸ்டார்ட் ஆனபின் பேட்டரி முனைகளில் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. மீட்டரை ஏசி வோல்ட் நிலைக்கு மாற்றி அதே முனைகளில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒரு டையோடாவது போயிருக்கிறது. இன்றைக்கு ஓடும், பத்து நாளில் பேட்டரியைக் கெடுக்கும்.

விளக்கு ஏதாவது அணையவில்லை என்றால், வண்டியின் மின்னணுப் பெட்டிகளில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். ஏர்பேக் ஒயரை மட்டும் நீங்கள் தொடாதீர்கள். அங்கே போகும்போது நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். "சும்மா நின்னுது, திடீர்னு போச்சு" என்று சொன்னால் மெக்கானிக் பெட்ரோல் பம்பிலிருந்து தேட ஆரம்பிப்பார், கூலி உங்கள் தலையில் ஏறும். இன்ஷூரன்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். வழக்கமான வண்டி பாலிசியில் மின்சாரக் கோளாறு சேராது. தீப்பிடித்து எரிந்தால் அது வேறு கணக்கு.

டிராக்டர், லாரி, ஜம்ப் ஸ்டார்ட்

பழைய டிராக்டர்களில் ஒரு மாயம் உண்டு. பேட்டரி தலைகீழாக இருந்தாலும் செல்ஃப் சரியான திசையில் சுற்றும். அதன் செல்ஃப் மோட்டாரில் காந்தத்துக்குப் பதில் கம்பிச் சுருள் இருக்கும். நிற்கும் சுருளிலும் சுற்றும் சுருளிலும் கரண்டின் திசை சேர்ந்தே மாறுவதால் சுற்றும் திசை மாறாது. டீசல் எஞ்சினுக்கு ஓட கரண்டும் வேண்டாம். அதனால் வண்டி புகைந்து வாடை அடித்தபின்னும் ஸ்டார்ட் ஆகிவிடும், உழவும் ஓடிவிடும். "ஓடுதே" என்று விட்டுவிடுகிறார்கள். டையோடு அறுந்துபோய், சார்ஜ் ஏறாமல், நாலாம் நாள் வயல் நடுவில் நிற்கும். சம்பா நடவு நேரத்தில் ஒரு நாள் டிராக்டர் நின்றால் என்ன என்பதை டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய டிராக்டரில் மெயின் ஃப்யூஸ் இல்லாமலே ஒயர் போயிருப்பதையும் நிறையப் பார்க்கிறேன். இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவுக்கு நான் எப்போதும் வாதாடுவேன்.

இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும் ஜம்ப் ஸ்டார்ட்டில் மாறினால் இன்னும் மோசம். இரண்டு பேட்டரிகளும் வரிசையாகச் சேர்ந்து 24 வோல்ட்டாகி, நடுவில் கேபிளைத் தவிர எதுவும் இல்லாமல் ஷார்ட் ஆகும். உதவிக்கு வந்தவரின் வண்டியும் சேர்ந்து கெடும். சரியான வரிசை இதுதான்: செத்த பேட்டரியின் ப்ளஸ், நல்ல பேட்டரியின் ப்ளஸ், நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசியாகச் செத்த வண்டியின் எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஒரு இரும்பு. கடைசித் தொடலில்தான் பொறி வரும். அது பேட்டரிக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்பதால் எஞ்சினில் மாட்டுகிறோம். கழற்றுவது இதற்கு நேர்மாறாக. பெரிய லாரியிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் காருக்கு எடுக்காதீர்கள், அவை 24 வோல்ட். டிராக்டர் பெரும்பாலும் 12. ஆனாலும் பேட்டரி ஒன்றா இரண்டா என்று எட்டிப் பார்த்துவிடுங்கள்.

நம் பக்கம் ஏன் இது அடிக்கடி நடக்கிறது

பெரிய காரணம் எலி. அறுப்பு முடிந்து வயல் காலியானதும் அவை வீட்டுப் பக்கம் வரும். பானட்டுக்குள் குடித்தனம் வைக்கும். கடித்த ஒயருக்குப் பதிலாக அன்றைக்குக் கையில் கிடைத்த நிறத்தில் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். அதனால் பழைய வண்டியில் சிவப்பு என்றால் ப்ளஸ், கறுப்பு என்றால் மைனஸ் என்று நம்பவே கூடாது. இரண்டும் கறுப்பாக இருக்கும், இரண்டும் சிவப்பாக இருக்கும், சிவப்பு பாடிக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். பாடிக்குப் போவது மைனஸ்; இன்றைய வண்டிகளில் இதை நம்பலாம்.

இன்னொன்று, வெளிநாட்டில் இருப்பவர்களின் கார். கூத்தாநல்லூர், மன்னார்குடிப் பக்கம் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். பொங்கலுக்கோ பெருநாளுக்கோ ஊருக்கு வந்ததும் அவசரமாகப் புதுப் பேட்டரி வாங்கி ராத்திரியோடு ராத்திரியாக மாட்டுவார்கள். அப்படி வாங்கும்போது பேட்டரி எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 38பி20எல் என்பதும் 38பி20ஆர் என்பதும் ஒரே அளவு, ஒரே கொள்ளளவு. ஆனால் ப்ளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கும். பழையதில் ப்ளஸ் எந்தப் பக்கம் இருந்தது என்ற நினைவில் மாட்டினால் அப்போதே மாறிவிடும். கிளாம்பு எட்டாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் எழுத்து தப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். கடையில் திருப்பிக் கொடுங்கள், ஒயரை நீட்டாதீர்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் ஓரங்களில் உப்புக் காற்று. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து ப்ளஸ், மைனஸ் குறியே தெரியாது. ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும், மூடிகளுக்குள் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்து, கிளாம்பு மாட்டியபின் வாசலின் தடவிவிடுங்கள்.

குறி முழுதாக அழிந்திருந்தாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. ப்ளஸ் முனை மைனஸைவிடக் கொஞ்சம் தடிமன். அதனால் மைனஸ் கிளாம்பு ப்ளஸ் முனையில் லேசில் இறங்காது. சுத்தியல் தேவைப்படுகிறது என்றால் கையை நிறுத்துங்கள். ஆனால் வண்டியோடு வந்த கிளாம்பை எடுத்துவிட்டுப் பஜார் கிளாம்பு போட்ட வண்டியில் இந்த அடையாளம் செல்லாது. மீட்டர் இல்லையா, ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் போதும். பேட்டரியிலிருந்து தள்ளி, திறந்தவெளியில் வைத்து, இரண்டு முனையிலிருந்தும் மெல்லிய செம்பு ஒயர் எடுத்து, ஒன்றையொன்று தொடாமல் தண்ணீரில் விடுங்கள். எந்த ஒயரில் குமிழி பொங்குகிறதோ அது மைனஸ். சில விநாடியில் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

கழற்றுவதற்கு முன்பே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு பகல் வெளிச்சத்தில், ஒரு நாள் உட்கார்ந்து, ப்ளஸ் கேபிளின் நுனியில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடுங்கள். பேட்டரியைத் தாங்கும் தட்டுக்குப் பக்கத்தில், பாடியிலேயே, ப்ளஸ் வரவேண்டிய பக்கத்தில் இன்னொரு சிவப்புப் புள்ளி. பேட்டரி மாறினாலும் பாடியில் உள்ள புள்ளி மாறாது.

சித்தப்பாவின் வண்டியில் நான் அடித்த அந்தப் பெயிண்ட் இன்னும் இருக்கிறது. ஆயுத பூஜை அன்றைக்குச் சந்தனத்தை எல்லா இடத்திலும் வைத்துவிட்டு, குங்குமத்தை மட்டும் அவர் பேட்டரியின் ப்ளஸ் பக்கம் பார்த்து வைக்கிறார்.